"குழந்தையைப் பாட்டியிடம் கொடு": ஹோலோகாஸ்ட் கதைகளில் குடும்பமும் உயிர்பிழைத்தலும்

நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ்-பிர்கனாவ் முகாமின் ரயில் மேடையில் ஒரு வேலைப்பிரிவு இருந்தது. வந்து நிற்கும் கூட்ஸ் பெட்டிகளிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு, மூட்டை முடிச்சுகளை அள்ளிக் குவிப்பது அவர்கள் வேலை. அவர்களும் கைதிகள்தான். புதிதாக வருகிறவர்களோடு பேசுவது கண்டிப்பாகத் தடை. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படியும் அவர்களில் சிலர், கைக்குழந்தையோடு இறங்கும் இளம்பெண்களைக் கடந்து போகிற சாக்கில், ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் முணுமுணுத்தார்கள்: குழந்தையைப் பாட்டியிடம் கொடு.

ஏன் என்று விளக்க நேரமில்லை. சிறு குழந்தையோடு நிற்கும் தாய் எவ்வளவு இளமையாக, திடமாக இருந்தாலும், குழந்தையோடு சேர்த்து நேரே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டாள். பிள்ளையைப் பிடுங்கினால் அவள் கதறுவாள், வரிசை குலையும், வேலை தாமதமாகும் என்பது நாஜிகளின் கணக்கு. பாட்டியும் குழந்தையும் எப்படியும் சாகப்போகிறவர்கள். குழந்தை பாட்டியின் கையில் இருந்தால் தாயாவது மிஞ்சலாம். அப்படிக் கொடுத்துவிட்டு உயிர் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள். எதற்காகக் கொடுக்கச் சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான்.

ஹோலோகாஸ்ட் என்னும் யூத இனப்படுகொலை பற்றிய கதைகளை அணுகும் எவரும் இந்த மேடையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பாசம் காப்பாற்றும், குடும்பம் ஒன்றாக நின்றால் எதையும் தாண்டிவிடலாம் என்பது நாம் வளர்ந்த நம்பிக்கை. ஆனால் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள், அவர்களில் 15 லட்சம் பேர் குழந்தைகள், கொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் பிள்ளையின் கையை விடாத தாய், விடாததாலேயே கொல்லப்பட்டாள். பிழைத்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்திலிருந்து பிய்த்தெறியப்பட்டுத்தான் பிழைத்தார்கள். இதை நேராகப் பார்க்கும் கதைகள் உண்டு. நமக்குத் தாங்காது என்று எண்ணி மூடிவிடும் கதைகளும் உண்டு.

நேராகப் பார்ப்பவற்றில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். 1944 மே மாதம் 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியிலிருந்து சுமார் 4.4 லட்சம் யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், பெரும்பாலானோர் பிர்கனாவுக்கு. அவர்களில் ஒருவன் சிகெட் என்ற சிற்றூரைச் சேர்ந்த 15 வயது எலீ வீசல், பின்னாளில் இதையெல்லாம் எழுதியவர். மேடையில் முன்பின் தெரியாத ஒரு கைதி அவனிடம் வயதைக் கேட்கிறான். பதினைந்து என்றதும், இல்லை, பதினெட்டு என்று சொல் என்கிறான். 50 வயதுத் தந்தையிடம் நாற்பது என்று சொல்லச் சொல்கிறான். இம்ரே கெர்தேஸ் எழுதிய நாவலில் வரும் புடாபெஸ்ட் சிறுவன் பதினாறு என்று பொய் சொல்கிறான். கெர்தேஸே 14 வயதில் ஆஷ்விட்ஸ் போனவர். வியன்னாவில் பிறந்த ரூத் க்ளூகர் 12 வயதில், பதினைந்து என்று சொல்லிப் பிழைத்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள், வேலைக்கு யார், சாவுக்கு யார் என்று பிரிக்கும் தேர்வு மேசையில் எழுத்தராக இருந்த ஒரு கைதிப் பெண். இந்த மூன்று பேரையும் அந்த நிமிடத்தில் காப்பாற்றிய சொல் அந்நியர் ஒருவர் வாயிலிருந்து வந்தது. வீட்டில் கற்றுக்கொடுத்தபடி உண்மை பேசியிருந்தால் செத்திருப்பார்கள்.

இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவி குடும்பங்களை எழுதும் விதம் இன்னும் அடக்கமானது. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஃபோசோலி முகாமிலிருந்து 650 பேர் அனுப்பப்பட்டார்கள். லெவி அவர்களில் ஒருவர். புறப்படுவதற்கு முந்தைய இரவு, போகிற இடம் நல்ல இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் குடித்தார்கள், சிலர் தொழுதார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், வழிக்குச் சாப்பாடு கட்டினார்கள், துணி துவைத்தார்கள். விடியும்போது முள்வேலி முழுக்கக் குழந்தைகளின் துணிகள் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன. லெவி இதை உச்சுக்கொட்டி எழுதவில்லை. நாளை உங்களையும் உங்கள் பிள்ளையையும் கொல்லப்போகிறார்கள் என்றால், இன்று அவனுக்குச் சோறு போடாமல் இருப்பீர்களா என்று கேட்டுவிட்டு மேலே போகிறார். நான்கைந்து நாள் பயணம் முடிந்து இறங்கியதும், 96 ஆண்களும் 29 பெண்களும் மட்டும் முகாமுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மற்ற 500 சொச்சம் பேரில் இரண்டு நாளுக்குப்பின் ஒருவர்கூட உயிரோடு இல்லை. துணி காயப்போட்ட தாய்மார்களின் வேலை யாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்த ஒரு பத்தியில் குடும்பம் என்றால் என்ன என்பது முழுசாக இருக்கிறது.

வீசலின் நினைவுக்குறிப்பு குடும்பத்தைப் பற்றிய புத்தகம் என்றே நான் எண்ணுகிறேன், முகாமைப் பற்றியது என்பதைவிட. தாயும் குட்டித் தங்கையும் முதல் இரவிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர் அப்பா. அவரை விட்டுப் பிரியக்கூடாது என்பது ஒன்றே பையனின் குறிக்கோள். ஆனால் மாதங்கள் போகப்போக அப்பா பாரமாகிறார். அப்பாவை அடிக்கும்போது பையனுக்குக் கோபம் அடித்தவன் மேல் வரவில்லை, அடிவாங்காமல் நடந்துகொள்ளத் தெரியாத அப்பாவின் மேல் வருகிறது. முகாமைக் காலிசெய்து கைதிகளைப் பனியில் விரட்டி நடத்திய மரண அணிவகுப்பில், ஒரு ரப்பியின் (யூத மதகுருவின்) மகன் தள்ளாடும் தகப்பனை விட்டு வேண்டுமென்றே முன்னால் ஓடிவிட்டான் என்பதை எலீ உணர்கிறான். அந்த மகன் செய்ததைச் செய்யாமலிருக்க எனக்கு வலு கொடு என்று, நம்பிக்கை இழந்த கடவுளிடமே வேண்டிக்கொள்கிறான்.

வேண்டுதல் பலித்ததா? 1945 ஜனவரி இறுதியில், பூஹென்வால்ட் முகாமில், வயிற்றுப்போக்கில் கிடந்த அப்பா தண்ணீர் கேட்டுக் கத்துகிறார். காவலன் தலையில் அடிக்கிறான். மேல் படுக்கையில் இருக்கும் பையன் அடிக்குப் பயந்து அசையவில்லை. அப்பா கடைசியாகக் கூப்பிட்டது இவன் பெயரை. விடிந்தபோது அந்த இடத்தில் வேறொரு நோயாளி படுத்திருந்தார். பையனுக்கு அழுகை வரவில்லை. மனசின் அடியில் தேடிப் பார்த்திருந்தால் அப்பாடா, விடுதலை என்பது போல ஏதோ ஒன்று இருந்திருக்கும் என்று, வளர்ந்த வீசல் எழுதுகிறார். எழுதியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்படி ஒரு வரியை அச்சில் ஏற்ற எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதே புத்தகத்தில் இரண்டு அறிவுரைகள் வருகின்றன. முகாமுக்கு வந்த புதிதில் ஒரு பொறுப்பாளர், ஒருவருக்கொருவர் உதவுங்கள், பிழைக்க அதுதான் வழி என்கிறார். கடைசியில் இன்னொரு பொறுப்பாளர், இங்கே தகப்பன் கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது, உன் ரொட்டியை அப்பாவுக்குக் கொடுக்காதே, அவர் ரொட்டியையும் நீ தின்ன வேண்டும் என்கிறார். எது சரி என்று வீசல் தீர்ப்புச் சொல்லவில்லை. பிழைத்தவர்களின் சாட்சியங்களைத் தொடர்ந்து படித்தால் இரண்டும் உண்மை என்று தெரியும். தனி ஆளாகக் கிடந்தவர்கள் சீக்கிரம் உடைந்தார்கள். பெண்கள் முகாம்களில் ரத்த உறவில்லாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து, முகாம் சகோதரிகள் என்று தங்களை அழைத்துக்கொண்டு, ரொட்டியை நூல் வைத்து அளந்து பங்கிட்டார்கள். குடும்பம் போன இடத்தில் குடும்பம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ரூத் க்ளூகர். அவரும் அவருடைய அம்மாவும் கடைசிவரை சேர்ந்தே பிழைத்தவர்கள். அது மிக அபூர்வம். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் இது தாய்மையின் வெற்றிக் கதையாகியிருக்கும். க்ளூகர் அப்படி எழுதவில்லை. அவருடைய அம்மா எளிதில் ஒத்துப்போக முடியாதவர், எதற்கும் சந்தேகப்படுபவர், மகளை வார்த்தையால் குத்துபவர். பிர்கனாவில் முதல் இரவு, மின்வேலியைத் தொட்டால் உயிர் போய்விடும், வா, இரண்டு பேரும் எழுந்துபோய்த் தொட்டுவிடுவோம் என்று 12 வயது மகளிடம் சாதாரணமாகச் சொன்னவர். மகள் முடியாது என்றதும், சரி என்று விட்டுவிட்டார். அதே அம்மாதான் தேர்வில் ஒருமுறை தோற்ற மகளை, இன்னொரு வரிசையில் போய் மறுபடி நில் என்று விரட்டியவர். அதே அம்மாதான் முகாமில் யாருமற்ற இன்னொரு பெண் குழந்தையை, இவளும் என் மகள்தான் என்று சேர்த்துக்கொண்டவர். எல்லாம் ஒரே ஆள். துன்பம் மனிதர்களைப் புடம்போட்டு நல்லவர்களாக்கும் என்ற எண்ணத்தைக் க்ளூகர் கடைசிவரை ஏற்கவில்லை. முகாம் ஒன்றும் பள்ளிக்கூடமில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஜெர்மன் மொழியில் 1992இல் வந்த அந்தப் புத்தகத்தை, அம்மா மனம் புண்படக்கூடாது என்று ஆங்கிலத்தில் வெளியிடாமல் வைத்திருந்தார். அம்மா 2000இல் இறந்த பிறகே ஆங்கில வடிவம் வெளிவந்தது.

போலந்து எழுத்தாளர் தடேயுஸ் போரோவ்ஸ்கியின் கதையொன்றில், அந்த ரயில் மேடையில் ஓர் இளம்பெண் அம்மா அம்மா என்று அழுதபடி பின்னால் ஓடிவரும் குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று மறுத்து ஓடுகிறாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உயிர் மேல் ஆசை. அங்கே வேலை செய்யும் கைதிகளே அவளை அடித்து, திட்டி, குழந்தையோடு லாரியில் எறிகிறார்கள். படிக்கிறவருக்கும் ஒரு நொடி அந்தப் பெண்மேல்தான் கோபம் வரும். கொலை செய்பவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க, நம் கோபம் சாகப்போகிறவள் மேல் திரும்புகிறது. போரோவ்ஸ்கி அதற்காகவே அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். அவர் யூதரல்லாத அரசியல் கைதி. தான் எந்தப் பக்கம் நின்று பார்த்தோம் என்பதை மறைக்காதவர்.

க்ளோட் லான்ஸ்மான் 1985இல் எடுத்த ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான ஆவணப்படத்தில் இதற்குச் சமமான ஒரு காட்சி உண்டு. ஆபிரகாம் போம்பா முடிதிருத்துபவர். ட்ரெப்ளிங்கா கொலை முகாமில் விஷவாயு அறைக்குள் வரும் பெண்களின் தலைமுடியை வெட்ட வைக்கப்பட்டவர். இஸ்ரேலில் ஒரு சலூனில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே அதைச் சொல்கிறார். கூட வேலை செய்த நண்பர் ஒருவரின் மனைவியும் தங்கையும் ஒருநாள் உள்ளே வந்தார்கள் என்று ஆரம்பித்தவர் நின்றுவிடுகிறார். கத்தரி மட்டும் அசைகிறது. துண்டால் முகத்தைத் துடைக்கிறார். வேண்டாம் என்கிறார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று லான்ஸ்மான் வற்புறுத்துகிறார். கடைசியில் சொல்கிறார்: பின்னால் காவலர்கள் நின்றதால் அவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை, ஒரு விநாடி, ஒரு நிமிடம் கூடுதலாக அவர்களோடு இருக்க மட்டும் பார்த்தார்கள். அவ்வளவுதான் அங்கே ஒரு கணவனால் செய்ய முடிந்தது. அந்த வற்புறுத்தல் நியாயமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தச் சாட்சியம் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியாது.

சரி, மூடிவிடும் கதைகளுக்கு வருவோம். 1958இல் கிழக்கு ஜெர்மனியில் ப்ரூனோ அப்பிட்ஸ் எழுதிய நாவல் லட்சக்கணக்கில் விற்றது, பள்ளிப் பாடமானது, படமும் ஆனது. பூஹென்வால்ட் முகாமுக்கு ஒரு பெட்டிக்குள் கடத்திவரப்பட்ட மூன்று வயதுக் குழந்தையைக் கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ஒளித்துக் காப்பாற்றுகிறார்கள். அப்பிட்ஸ் அந்த முகாமில் எட்டு ஆண்டுகள் இருந்தவர், குழந்தையும் நிஜம். ஸ்டெஃபான் யெர்சி ஸ்வைக் என்ற அந்தக் குழந்தை 1944 ஆகஸ்டில் அங்கே வந்தான். ஆனால் தனியாக வரவில்லை, தகப்பனோடு வந்தான். மகனைக் காப்பாற்ற ஒவ்வொரு கட்டத்திலும் மன்றாடியவர் அந்தத் தகப்பன். நாவலில் அவர் இல்லை. கட்சியின் வீரத்துக்கு இடம் வேண்டும் என்றால் அப்பாவுக்கு இடமில்லை.

இன்னொருவரும் நாவலில் இல்லை. 1944 செப்டம்பரில் 200 சிறுவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப் பட்டியல் தயாரானது. ஸ்வைக்கின் பெயரும் அதில் இருந்தது. அவன் உட்பட 12 பேரின் பெயர்கள் அடிக்கப்பட்டு, அந்த இடங்களில் வேறு 12 பெயர்கள் எழுதப்பட்டன. எண்ணிக்கை குறையக்கூடாதே. ஸ்வைக்கின் இடத்தில் எழுதப்பட்ட பெயர் வில்லி ப்ளூம். ஐரோப்பாவின் ரோமா மக்களில் ஒரு பிரிவான சிந்தி இனத்தைச் சேர்ந்த 16 வயதுப் பையன். அவனுடைய தம்பியின் பெயர் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தது. தம்பியோடு போகிறேன் என்று அவனே கேட்டுக்கொண்டதாக ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இருவரும் திரும்பவில்லை. ஒரு குழந்தை பிழைத்த கதை பல பத்தாண்டுகள் ஒரு நாட்டின் பெருமையாக இருந்தது. தம்பியைத் தனியே விடாத அண்ணனின் கதை வெளியே வர இன்னும் பல காலம் பிடித்தது. கொண்டாடப்படும் ஒவ்வொரு பிழைத்த கதைக்கும் பின்னால் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது.

ராபர்ட்டோ பெனீனி 1997இல் எடுத்த இத்தாலியப் படம் மூன்று ஆஸ்கர் வாங்கியது. முகாம் வாழ்க்கை முழுவதும் ஒரு விளையாட்டு என்று சொல்லி மகனை ஒளித்துக் காப்பாற்றும் அப்பாவின் கதை. அந்தப் படத்தை வெறுக்க என்னால் முடியவில்லை. பெற்றவனின் தவிப்பு அதில் உண்மையாக இருக்கிறது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் ஆஷ்விட்ஸில் முதல் சில மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. படம் பார்த்து வெளியே வருபவர், கெட்டிக்காரத் தகப்பன் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்ற எண்ணத்தோடு வந்தால், பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன லட்சக்கணக்கான தகப்பன்மாருக்கு அது பெரிய அநியாயம். முள்வேலியின் இருபுறமும் இரண்டு சிறுவர்கள் நட்பாகும் ஜான் பாய்னின் 2006 நாவல் இன்னும் மோசம். அதில் நாம் கடைசியில் அழுவது முகாம் தளபதியின் மகனுக்காக. ஆஷ்விட்ஸ் வரலாற்றைப் படிப்பவரும் கற்பிப்பவரும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது.

இப்படிப்பட்ட ஆறுதலுக்கு எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு மீஷா டிஃபோன்சேகாவின் நினைவுக்குறிப்பு ஒரு சாட்சி. பெற்றோரைத் தேடி ஐரோப்பாவைக் கால்நடையாகக் கடந்த யூதச் சிறுமி, ஓநாய்களின் அரவணைப்பில் பிழைத்த கதை அது. பல மொழிகளில் விற்றுப் படமாகவும் வந்தபின், 2008இல், தான் யூதரே இல்லை, எல்லாம் கற்பனை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆன் ஃபிராங்கின் டைரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை ஆம்ஸ்டர்டாமின் ஒரு கட்டடப் பின்பகுதியில் ஒளிந்திருந்த எட்டுப் பேர். அம்மாவோடு ஓயாத சண்டை. பிழைத்துத் திரும்பிய ஒரே ஆளான அப்பா ஓட்டோ ஃபிராங்க், 1947இல் டைரியை வெளியிட்டபோது இறந்துபோன மனைவி எடித்தைப் பற்றிய கடுமையான வரிகள் சிலவற்றை எடுத்துவிட்டார். கணவராக அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. நமக்குத் தெரிந்த எடித், கோபக்கார மகளின் பேனா காட்டிய எடித். டைரி நின்ற பிறகு நடந்ததை உடனிருந்த பெண்கள் பின்னாளில் சொன்னார்கள்: பிர்கனாவில் தாயும் இரண்டு மகள்களும் பிரியவேயில்லை, சிரங்கு வந்து மகள்கள் தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்டபோது, சுவருக்கு அடியில் மண்ணைத் தோண்டி எடித் ரொட்டியை உள்ளே தள்ளினார். இலையுதிர்காலத்தில் மகள்கள் பெர்கன்-பெல்சனுக்கு அனுப்பப்பட்டார்கள். எடித் 1945 ஜனவரியில் இறந்தார், மகள்கள் அதற்குச் சில வாரங்களுக்குப்பின். அந்த அம்மாவைத் தெரிந்துகொள்ளாமல் டைரியை மூடிவைப்பது முறையில்லை.

உளவியலாளர் ப்ரூனோ பெட்டல்ஹைம் 1960இல் ஒரு கட்டுரையில், ஃபிராங்க் குடும்பம் ஒன்றாக ஒளிந்ததே தவறு, பிள்ளைகளைத் தனித்தனி வீடுகளில் விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று எழுதினார். அவரும் போருக்கு முன் டாக்காவ், பூஹென்வால்ட் முகாம்களில் இருந்தவர்தான். கணக்குப்படி அவர் சொன்னதில் ஏதோ இருக்கலாம். ஆனால் கொலைகாரன் உண்டாக்கிய நிலைமைக்குத் தாய் தகப்பனைக் கணக்குக் கேட்கும் அந்தத் தொனியை ஏற்க முடியவில்லை. பிரித்து அனுப்பினாலும் விலை உண்டு. பிரான்சில் ஃபினலி சகோதரர்களைப் பெற்றோர் பாதுகாப்பான கைகளில் விட்டார்கள். பெற்றோர் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள். வளர்த்தவர் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, உறவினரிடம் ஒப்படைக்க மறுக்க, 1953 வரை வழக்கு இழுத்தது.

ஆர்ட் ஸ்பீகல்மேனின் சித்திரக்கதை இதே கேள்வியை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருகிறது. போலந்தில் ஆர்ட்டின் பெற்றோருக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் மகனை ஒரு போலந்துக்காரரிடம் மறைத்து வைக்கப்போவதாகவும், உங்கள் மகன் ரிஷியூவையும் சேர்த்து அனுப்புங்கள் என்றும் சொல்கிறார். தாய் ஆன்யா மாட்டேன் என்கிறாள். அந்தப் பையன் பிழைத்தான். ரிஷியூ, முகாமுக்கு அனுப்பும் நாளில் ஆன்யாவின் சகோதரி கொடுத்த விஷத்தில் இறந்தான். ஆன்யா முகாமிலிருந்து பிழைத்துவந்து, 1968இல் அமெரிக்காவில் தற்கொலை செய்துகொண்டாள். அவளுடைய டைரிகளைக் கணவர் விளாடெக் எரித்துவிட்டார். போருக்குப்பின் பிறந்த மகன் ஆர்ட், பிரித்த சீரியல் டப்பாவைக் கடையில் திருப்பிக்கொடுக்கும், கீழே கிடக்கும் கம்பித்துண்டைப் பொறுக்கும் அப்பாவோடு மல்லுக்கட்டுகிறான். முகாமில் உயிர் காத்த அதே சாமர்த்தியம் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. பிழைத்தவர் என்றால் ஞானி என்ற பிம்பத்துக்கு இந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. சிறந்தவர்கள் பிழைக்கவும் இல்லை, சிறந்தவர்கள் சாகவும் இல்லை, எல்லாம் குருட்டாம்போக்கில் நடந்தது என்று அதில் ஒரு முதியவர் சொல்கிறார். பிழைத்தவரான லெவி, தன்னைப் போன்றவர்கள் உண்மையான சாட்சிகளே அல்ல என்று கடைசிக் காலத்தில் எழுதியதும் இதை ஒட்டித்தான். முழுவதையும் கண்டவர்கள் திரும்பவில்லை.

திரும்பாதவர்களை எப்படி எழுதுவது? டேனியல் மெண்டல்சோன் 2006இல் வெளியிட்ட புத்தகம் ஒரு வழி காட்டுகிறது. இன்றைய உக்ரைனில் உள்ள பொலெஹோவ் ஊரில் வாழ்ந்த, தன் தாத்தாவின் அண்ணன் ஷ்மியேல், அவர் மனைவி, நான்கு மகள்கள் என்ற ஆறு பேரைத் தேடி அவர் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஸ்காண்டிநேவியா என்று அலைகிறார். அமெரிக்க உறவினர்களிடம் எப்படியாவது எங்களை எடுத்துவிடுங்கள் என்று ஷ்மியேல் 1939இல் எழுதிய கடிதங்களைத் தாத்தா சாகும்வரை பர்சில் வைத்திருந்தார். குடும்பம் ஒன்றாகச் செத்தது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. ஒரு மகள் 1941 அக்டோபர் படுகொலையில். தாயும் கடைசி மகளும் 1942 செப்டம்பரில் பெல்செக் முகாமில். இன்னொரு மகள் காட்டில் போராளிகளோடு. ஷ்மியேலும் மகள் ஃபிரிட்காவும் ஒரு பள்ளி ஆசிரியையின் வீட்டில் ஒளிந்திருந்து, காட்டிக்கொடுக்கப்பட்டுச் சுடப்பட்டார்கள். ஆறு பேருக்கு நான்கு முடிவுகள். இவ்வளவைத் தெரிந்துகொள்ளவே ஒரு பேரனுக்குப் பல ஆண்டுகள் ஆயின, அதுவும் அந்த ஊரில் பிழைத்த சிலர் முதுமையிலும் உயிரோடு இருந்ததால்தான் முடிந்தது.